பட்ட காலிலே படும்

'பட்ட காலிலே படும். கெட்ட குடியே கெடும்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்கள். வாழ்க்கையில் அலுத்துப் போனவர்கள் விடும் பெருமூச்சு என்றுதான் இதை நாம் நினைத்திருக்கிறோம். ஆனால் மனோ வைத்தியத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் பழமொழிக்குள் ஒரு பெரிய உண்மை உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அந்த உண்மையை ஒப்புக் கொள்ள மேல்நாட்டு வைத்தியர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் வாலிப வயதுப் பிள்ளைகள்.

18 அல்லது 20 வயதுள்ள ஒரு பையனை நினைத்துக் கொள்ளுங்கள். நன்றாகப் படித்துக் கொண்டிருந்தவன் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிடுகிறான். அறைக் கதவைச் சாத்திக் கொள்கிறான். தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறான். வீட்டார் முதலில் வேப்பிலை அடிக்கிறார்கள், மந்திரிக்கிறார்கள், கடைசியில் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். சித்தப்பிரமையின் ஆரம்பம் என்கிறார் டாக்டர்.

பெயர் கிடைத்துவிட்டது. இனிமேல் எது நடந்தாலும் அந்தப் பெயரின் தலையில் போட்டுவிடலாம். பையன் சோறு தண்ணீர் இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக் கொண்டு படுத்திருக்கிறானா? அந்த வியாதிதான். வாசற்படி இறங்கவே நடுங்குகிறானா? அந்த வியாதிதான். தோல் உரியும்வரை கையைக் கழுவிக் கொண்டே இருக்கிறானா? அதேதான். கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா புகைக்கிறானா? அதுவும் அந்த வியாதிதான்!

விஷயம் அவ்வளவு எளிதல்ல. மனச்சோர்வு ஒரு தனி வியாதி; அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. பீதி ஒரு தனி வியாதி. போதைப் பழக்கம் ஒரு தனி வியாதி. சித்தப்பிரமை வந்த பிள்ளைக்கு இவையும் கூடவே வரலாம். பல பேருக்கு வரவும் செய்கின்றன. தீப்பிடித்த வீட்டில் திருடனும் புகுந்திருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். தீயை அணைத்துவிட்டோம் என்று திண்ணையில் உட்கார்ந்து இளைப்பாறினால் திருடன் தானாகப் போய்விடுவானா?

கதை எழுதுகிறவர்களும் இந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. கதையில் ஒருவனுக்குப் புத்தி கலங்கிவிட்டால் அவன் சட்டையைக் கிழித்துக் கொண்டு சிரிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். புத்தி தெளிந்தவுடன் கதையும் முடிந்துவிடும். தெளிந்த மறுநாள் காலையில் அவன் என்ன நினைத்துக் கொண்டு எழுந்தான் என்று யாரும் எழுதுவதில்லை. உண்மையில் கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. இதைப் பின்னால் பார்ப்போம்.

ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், இன்றைய போலந்து எல்லையோரத்தில், கெர்லிட்ஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் கால்பாம் என்ற வைத்தியர் அங்கே ஒரு தனியார் மனநோய் விடுதி நடத்தி வந்தார். இளம் பிள்ளைகள் மனம் பேதலித்தால் படிப்பும் கெட்டுப் போகிறதே என்று கவலைப்பட்டு, விடுதியோடு ஒரு பள்ளிக்கூடத்தையும் சேர்த்து நடத்தியவர் அவர். அவரிடம் வேலை பார்த்த எவால்ட் ஹெக்கர் 1871-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பருவம் எய்தும் வயதை ஒட்டி வரும் ஒருவகைச் சித்தப் பேதலிப்பைப் பற்றியது அந்தக் கட்டுரை. கிரேக்கர்களுக்கு இளமையின் தேவதை ஹீபே. அவள் பெயரையே வைத்து நோய்க்கு 'ஹீபெஃப்ரினியா' என்று நாமகரணம் செய்தார். பெயர் என்னவோ அழகுதான்!

ஹெக்கர் ஒன்றைக் கவனித்து எழுதினார். இந்த நோய் பெரும்பாலும் சோகத்தில் தொடங்குகிறது; பிறகுதான் வெறியும் குழப்பமும் வருகின்றன என்றார். ஆக, 1871-லேயே ஒரு வைத்தியர் பிள்ளையின் சோகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால் அதைப் பெரிய நோயின் முதல் படியாக எண்ணினாரே தவிர, தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு துன்பமாக எண்ணவில்லை. படியைக் கடந்து மாடிக்குப் போய்விட்டால் படியை யார் நினைக்கிறார்கள்?

அடுத்து வந்தவர் எமில் கிரெப்பலின். 1891 முதல் 1903 வரை ஹெய்டல்பர்க் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் சுருக்கமாக ஓர் அட்டையில் எழுதி வைத்துக் கொள்வது அவர் வழக்கம். வருஷக் கணக்கில் அட்டைகள் சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பிரித்து அடுக்கிப் பார்த்து, 1899-இல் வெளிவந்த தம் பாடப் புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் பெரிய பைத்தியங்களை இரண்டு பெட்டிகளில் அடக்கினார். ஒன்றில் சோகமும் வெறியும் மாறி மாறி வரும் நோய். மற்றொன்றில் 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்', அதாவது இளமையிலேயே வந்து அறிவைச் சிதைக்கும் நோய். இன்றும் மனோ வைத்தியர்கள் ஏறக்குறைய இந்த இரண்டு பெட்டிகளைச் சுற்றியே நடமாடுகிறார்கள் என்றால் அந்த மனிதரின் சாதனையைப் புரிந்து கொள்ளலாம்.

ஆனால் ஓர் அட்டையை ஒரு பெட்டியில்தானே போட முடியும்? சோகம் ஒரு பெட்டிக்குச் சொந்தம். குரல் கேட்பது மற்றொரு பெட்டிக்குச் சொந்தம். குரல் கேட்கிற பிள்ளை சோகத்தால் தவித்தால் அவன் அட்டையை எங்கே வைப்பது? குரல் பெட்டியில் வைத்தார்கள். சோகம் அட்டையின் ஓரத்தில் ஒரு வரியாக நின்றது.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரின் பர்கோல்ஸ்லி ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்த யூஜென் ப்ளாய்லருக்கு இது பிடிக்கவில்லை. அதற்கு முன் ரைனாவ் என்ற ஊரிலிருந்த மனநோய் விடுதியில் 12 வருஷங்கள் நோயாளிகளோடு நோயாளியாகப் பழகி வாழ்ந்தவர் அவர். அவருடைய சகோதரியே மனநோயால் துன்புற்றவள். எல்லோருக்கும் அறிவு சிதைந்துவிடுவதில்லை என்பதைக் கண்ணால் கண்டவர். ஆகவே பழைய பெயரை நீக்கிவிட்டு, 1908-இல் 'ஸ்கிஸோஃப்ரினியா' என்ற புதுப் பெயரைக் கொடுத்தார். நாம் மனச்சிதைவு என்று சொல்வது இதைத்தான். 1911-இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில், இந்த நோயின் அடையாளங்களிலெல்லாம் மிகக் கடுமையானது உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணமே என்று எழுதினார். குரலும் பிரமையும் அல்ல, வாழப் பிடிக்காமையே பெரிய ஆபத்து என்றார். படித்தவர்கள் புத்தகத்தைப் பாராட்டினார்கள். புதுப் பெயரை எடுத்துக் கொண்டார்கள். அந்த எச்சரிக்கையைப் பல காலம் அப்படியே விட்டுவிட்டார்கள்.

1913-இல் ஹெய்டல்பர்க்கில் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற 30 வயது இளைஞர் மனநோய்க் குறிகளைப் பற்றி ஒரு பிரமாண்டமான நூல் எழுதினார். பிற்காலத்தில் தத்துவ ஞானியாக உலகப் புகழ் பெற்றவர் இவர். மனநோய்களை இவர் அடுக்கடுக்காக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஆழத்தில் மூளையைத் தாக்கும் நோய். அதற்கு மேல் மனச்சிதைவு. அதற்கு மேல் சோகமும் வெறியும். எல்லாவற்றுக்கும் மேலே பயம், கவலை போன்றவை. எந்த அடுக்கு வரை நோய் ஆழமாகப் போயிருக்கிறதோ அந்த அடுக்கின் பெயரையே நோய்க்குச் சூட்ட வேண்டும். மேல் அடுக்கில் உள்ளவை எல்லாம் அதற்குள் அடக்கம். கோர்ட்டில் கொலை வழக்கு நடக்கும்போது, செத்தவன் சட்டைப் பையிலிருந்து ரூபாய் காணாமற் போனதை யார் விசாரிப்பார்கள்? அந்த மாதிரி நியாயம்தான் இது. தர்க்கம் சரியாக இருந்தது. ஆனால் பிள்ளையின் பயமும் துக்கமும் தர்க்கத்துக்குக் கட்டுப்படுபவை அல்லவே!

மேல்நாட்டில் இப்படிப் பெரிய நோயின் நிழலில் சின்ன நோய்கள் மறைந்து போயின. நம் தேசத்திலோ இதற்கு நேர்மாறான ஒரு கூத்து நடந்தது. சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி ஏற்பட்டுவிட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இதைப் போன்ற விடுதிகள் தேசத்தில் வேறு பல இடங்களிலும் இருந்தன. நோயாளி வந்து சேர்ந்தால் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என்ன என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அழைத்து வருகிறவரோ பெரும்பாலும் போலீஸ்காரர். அவருக்கு என்ன தெரியும்? 'கஞ்சா' என்று எழுதினால் வேலை முடிந்தது!

இப்படிச் சேர்ந்த கணக்கை வைத்துக் கொண்டு லண்டனில் பார்லிமெண்டு வரை கேள்வி எழுந்தது. 1893-இல் கஞ்சாவைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். கமிஷன் அங்கத்தினர்கள் 1892-ஆம் வருஷத்துப் பதிவேடுகளை வாங்கி, கஞ்சாவால் பைத்தியம் பிடித்ததாகக் குறித்திருந்த 222 பேருடைய வரலாறுகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். கஞ்சா ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத்தக்கவை 98 மட்டுமே. மற்றவர்கள் கதி? கஞ்சா என்ற ஒரு வார்த்தைக்கு அடியில் அவர்களுடைய உண்மையான நோய் புதைந்து கிடந்தது. ஆக, அங்கே நோயின் பெயர் பழக்கத்தை மறைத்தது. இங்கே பழக்கத்தின் பெயர் நோயை மறைத்தது. இரண்டு இடத்திலும் தவறு ஒன்றே. ஓர் ஆளுக்கு ஒரு பெயர் போதும் என்ற எண்ணந்தான் அந்தத் தவறு.

1952-இல் பாரிஸ் நகரத்து செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் 'க்ளோர்ப்ரோமஸின்' என்ற மருந்தைச் சித்தப்பிரமைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக் கணக்கில் கூச்சலிட்டவர்கள் அடங்கினார்கள். சில வருஷங்களில் உலகமெங்கும் அந்த மருந்து பரவியது. பல பேருக்குக் குரல்கள் ஓய்ந்தன, சந்தேகங்கள் தணிந்தன. தீ அணைந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் குரல் ஓய்ந்த பிள்ளைகளில் பலர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சிலர் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் உயிரை விட்டார்கள். பெரிய மருந்து வந்த பிறகுதான், அந்த மருந்தால் தீராத வேறு சில உள்ளே இருக்கின்றன என்பது புலப்பட ஆரம்பித்தது.

இதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அது மனோ வைத்தியத்திலிருந்து வரவில்லை. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்வன் ஃபைன்ஸ்டைன் உடல் நோய்களை ஆராய்ந்தவர். ஒரு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவனுக்கு வேறொரு நோயும் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்காவிட்டால் கணக்கே தப்பாகும் என்று 1970-இல் எழுதி, அதற்கு 'கோமார்பிடிட்டி' என்று பெயரிட்டார். உடன்வரும் நோய் என்று நாம் சொல்லலாம்.

அமெரிக்க மனோ வைத்தியர்கள் 1980-இல் நோய்களுக்குப் புதிய இலக்கண நூல் ஒன்று வெளியிட்டார்கள். அதிலும் யாஸ்பர்ஸின் அடுக்குகள் வேறு உருவத்தில் புகுந்திருந்தன. மனச்சிதைவு உள்ளவனுக்குத் திடீர்ப் பீதி வந்தால், அதைப் பெரிய நோயின் விளைவாகக் கருதி, தனி நோயாக எழுதாமல் விட்டுவிடலாம் என்பது போன்ற விதிகள் அவை. 1987-இல் அந்த நூலைத் திருத்தியபோதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நோய்களின் பெயரை எழுத டாக்டருக்கு அனுமதி கிடைத்தது. ஹெக்கர் எழுதிய வருஷத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: 116 வருஷங்கள்!

அதே 1987-இல் ஸ்வீடனிலிருந்து ஒரு செய்தி வந்தது. 1969, 1970-ஆம் வருஷங்களில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கு மேற்பட்ட வாலிபர்களிடம் கஞ்சாப் பழக்கம் உண்டா என்று கேட்டுப் பதிந்திருந்தார்கள். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு வந்த விகிதம், தொடாதவர்களைப்போல் ஆறு மடங்கு இருந்தது. நோயை மறக்கப் புகைத்தார்களா, புகைத்ததனால் நோய் வந்ததா என்று வாதாடினார்கள். இரண்டும் உண்டு என்பதே இன்று பொதுவான கருத்து. பழைய கமிஷன் சொன்னதும் பொய்யல்ல; ஸ்வீடன் சொன்னதும் பொய்யல்ல. கஞ்சா எல்லாப் பைத்தியத்துக்கும் காரணமல்ல. ஆனால் சிலருக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

இனி ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். 1980-களில் மெல்போர்ன் நகரத்து ராயல் பார்க் ஆஸ்பத்திரியில் பாட்ரிக் மெக்கோரி என்ற இளம் டாக்டர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர். முதல் தடவையாகச் சித்தப்பிரமை வந்த 20 வயதுப் பிள்ளையை, இருபது வருஷமாக நோயில் கிடப்பவர்களோடு ஒரே வார்டில் போடுகிறார்களே, அந்தப் பிள்ளை தன் எதிர்காலத்தை அந்த முகங்களில் பார்த்தால் என்ன ஆவான் என்று அவரும் அவருடைய தோழர்களும் கேட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தனி இடம் ஏற்பட்டது.

1991-இல் அவர்கள் ஒரு சிறிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சித்தப்பிரமையிலிருந்து மீண்ட 36 பேரைத்தான் பார்த்தார்கள். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வருமே, அதைப்போன்ற அதிர்ச்சி நோய் இவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டார்கள். நாலு மாதம் கழித்து நூற்றுக்கு 46 பேரிடம் அது இருந்தது. 11 மாதம் கழித்தும் நூற்றுக்கு 35 பேரிடம் இருந்தது. இந்தச் சிப்பாய்கள் எந்தப் போர்க்களத்துக்குப் போனார்கள்? தங்கள் பிரமைக்குள் கண்ட பயங்கரம் ஒன்று. அதற்குச் சிகிச்சை என்று இழுத்து வந்து கதவைப் பூட்டிய பயங்கரம் மற்றொன்று. நோயைக் குணப்படுத்தும் இடமே ஒரு நோயைக் கொடுக்கக்கூடும் என்று ஆஸ்பத்திரிக்காரர்களே கணக்கெடுத்துச் சொன்னது சாதாரணத் துணிச்சல் அல்ல. 1992-இல் மெல்போர்னில் இளைஞர்களின் ஆரம்பச் சித்தப்பிரமைக்கென்றே 'எப்பிக்' என்ற நிலையத்தை நிறுவினார்கள். மருந்தோடு, மனச்சோர்வு, பயம், போதை, படிப்பு, வேலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிப்பது அதன் முறை. உலகத்தில் பல தேசங்கள் பிறகு அதைப் பின்பற்றின.

இப்போது, புத்தி தெளிந்த மறுநாள் காலைக்கு வருவோம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து மனோதத்துவ நிபுணர் மாக்ஸ் பர்ச்வுட்டும் அவர் குழுவினரும், மனச்சிதைவு நோயாளிகளைப் பிரமை தணிந்த பிறகு ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 2000-த்தில் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 36 பேருக்குப் பிரமை திரும்பாமலே கடும் மனச்சோர்வு மட்டும் தனியாக வந்தது. அவர்கள் யார்? தங்கள் நோயை மற்றவர்களைவிடத் தெளிவாக உணர்ந்தவர்கள். படிப்பும் வேலையும் மதிப்பும் போயிற்று, இனி இதிலிருந்து விடுதலை இல்லை என்று எண்ணியவர்கள். என்ன விசித்திரம் பாருங்கள்! தெளிவு வந்ததனாலேயே துக்கம் வந்தது. பிரமை இருந்தவரை அவன் ராஜாவாகவோ, ராஜாங்கமே துரத்துகிற பெரிய மனிதனாகவோ இருந்தான். தெளிந்து எழுந்தபோது, வகுப்புத் தோழர்கள் எல்லோரும் பரீட்சை எழுதிவிட்டுப் போயிருக்க, பாயில் தனியாகக் கிடக்கும் ஒரு பையனாக இருந்தான். அந்தத் துக்கத்தை நோயின் மிச்சம் என்று தள்ளிவிட முடியுமா?

மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து 2009-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வு; 47 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் போதைப் பழக்கம்; 29 பேருக்கு அதிர்ச்சி நோய்; 23 பேருக்கு, கை கழுவுவது போன்ற, விடாமல் அரிக்கும் எண்ண நோய்; 15 பேருக்குத் திடீர்ப் பீதி. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்திருப்பதால்தான் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று 2005-இல் ஒரு கணக்குச் சொன்னது. அதில் ஆபத்து மிகுந்த காலம் நோயின் ஆரம்ப வருஷங்களே. ப்ளாய்லர் 1911-இல் கையைத் தூக்கிக் காட்டியது இந்த இடத்தைத்தான்.

இதிலெல்லாம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1961 முதல் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனோ வைத்தியர் என்று போற்றப்பட்டவர். நோயாளி ஆஸ்பத்திரியை விட்டுப் போன பிறகு அவன் பாடு என்ன என்று கேட்டவர். ஓய்வு பெற்ற பின் 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். அதற்குச் சற்று முன்பு, 1981-இல், முதல் தடவையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சென்னையில் தேர்ந்தெடுத்து வருஷா வருஷம் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பத்து வருஷம் கழித்தும் அவர்களில் 76 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள் என்பதே ஒரு தவம்.

பிறகு கனடாவின் மாண்ட்ரீல் நகரமும் சென்னையும் சேர்ந்து, முதல் தடவை சித்தப்பிரமை வந்தவர்களை ஒரே மாதிரிச் சிகிச்சை கொடுத்து இரண்டு வருஷம் ஒப்பிட்டன. சென்னையில் 168 பேர், மாண்ட்ரீலில் 165 பேர். 2020-இல் முடிவு வெளிவந்தது. சோம்பி ஒடுங்கிக் கிடப்பது, பேச்சற்றுப் போவது போன்ற குறிகள் சென்னைக்காரர்களுக்கு அதிகமாகக் குறைந்திருந்தன. சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையில் கலந்து கொண்டதும் மிக அதிகம். இதைக் கேட்டு நாம் மார்தட்டிக் கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது என்பது பாதி பலந்தான். இருக்கிற ஆள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது மற்றப் பாதி.

ஆகவே அந்த 20 வயதுப் பையனுடைய தகப்பனாருக்கும் தாயாருக்கும் இந்தச் சரித்திரம் சொல்லுவது இதுதான். குரல் கேட்கிறதா என்று டாக்டர் விசாரிப்பார். அதற்கு மருந்து கொடுப்பார். அத்துடன் எழுந்து வந்துவிடாதீர்கள். பிள்ளை தூங்குகிறானா, எதற்குப் பயப்படுகிறான், என்ன புகைக்கிறான், ஆஸ்பத்திரியில் அவனுக்கு என்ன நடந்தது, வாழ வேண்டும் என்று நினைக்கிறானா என்பதையும் சொல்லுங்கள். அவனையே சொல்ல விடுங்கள். வாழப் பிடிக்கவில்லையா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று அனுபவமுள்ள வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். 'இது என்ன வியாதி?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு, 'இதோடு வேறு என்ன இருக்கிறது?' என்று இன்னொரு கேள்வியையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.